எட்டு டிகிரி சாய்ந்திருந்த வானம்

காலை 5.40. திருச்சி பஞ்சப்பூர் பேருந்து நிலையத்தில் திண்டுக்கல் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. தூரம் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர், கட்டணம் தொண்ணூறு ரூபாய். ஜன்னலோர இடம் கிடைத்தது. ஊர் பார்க்கப் போகிறவர்களுக்கு அது பாக்கியம். எனக்கு அன்றைக்கு ஜன்னலும் வேண்டியிருக்கவில்லை, ஊரும் வேண்டியிருக்கவில்லை. மடியில் ஒரு பை, பைக்குள் கேபிள் சோதிக்கும் கருவி ஒன்று. இருபத்திரண்டு வருடமாக ரேடார் கட்டிப் பிழைக்கிறவள் நான். ஒரு ரேடாரைப் பார்க்கப் போக இப்படிப் பயந்தது அதுதான் முதல் தடவை.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசுவது எனக்கு ஆகாது. சின்னாளபட்டிக்கு மேற்கே ஒரு வயலை வாடகைக்குப் பிடித்து எங்கள் ஆய்வு மையம் ஒரு ரேடார் வைத்திருந்தது. ரேடார் என்றதும் சுற்றுகிற பெரிய தட்டை நினைக்க வேண்டாம். வீட்டு மாடிகளில் முன்பு நின்றதே டிவி ஆன்டெனா, அதை வானத்தைப் பார்த்து நிமிர்த்தி வைத்தால் எப்படி இருக்கும்? அப்படி அறுபத்து நான்கு, எட்டு வரிசை, வரிசைக்கு எட்டு.

இது விமானத்தைத் தேடுவதில்லை, மேகத்தைத் தேடுவதில்லை. காற்றையே பார்க்கிறது. ஒரு தம்ளர் தண்ணீரில் சர்க்கரைப் பாகை ஊற்றிக் கலக்கினால் கரையும்வரை நெளிநெளியாகத் தெரியும் அல்லவா? வெப்பமும் ஈரமும் வேறான இரண்டு காற்றுகள் கலக்கும் இடத்திலும் அப்படி நெளிவுகள் உண்டு. கண்ணுக்குத் தெரியாது, ரேடியோ அலைக்குத் தெரியும். கீழிருந்து ஒரு துடிப்பை அனுப்பினால் அந்தக் கலங்கலில் பட்டு அதில் இம்மியளவு திரும்பி வரும். வர எடுத்த நேரத்தை வைத்து உயரம் தெரியும். வந்த அலையின் அதிர்வு எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை வைத்து, காற்று நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா, எவ்வளவு குழம்பிக் கிடக்கிறது என்பதெல்லாம் தெரியும். தெளிந்த வானத்தில் விமானம் திடீரென்று குலுங்கிக் காபியைச் சட்டையில் கொட்ட வைக்கிறதே, அந்தக் கலங்கலைத்தான் ஷமீமா மூன்று வாரமாக அளந்துகொண்டிருந்தாள்.

ஷமீமா என் ஆராய்ச்சி மாணவி. திண்டுக்கல் பேகம்பூர்க்காரி, இருபத்தேழு வயது. அவள் முந்தின நாள் மாலை போன் செய்து ஒரு சேதி சொன்னாள். பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் காற்று நொடிக்கு இரண்டரை மீட்டர் வேகத்தில் கீழே இறங்குகிறதாம். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, இருபத்தொரு நாளாக. சராசரியில் இப்படிப் பளிச்சென்று இப்போதுதான் தெரிகிறதாம். எனக்கு எரிச்சல் மூண்டது. "மூணு வாரமா இறங்குன காத்து எங்கடி போச்சு? திண்டுக்கல் பூட்டுப் போட்டு அடைச்சு வச்சிருக்கீங்களா?" என்று கத்தினேன். மறுநாள் மதியம் மூன்று மணிக்கு நிபுணர் குழு அவள் வேலையை வீடியோவில் பார்க்கப் போகிறது. கடைசி வருட உதவித்தொகையை நீட்டிப்பதா, இத்தோடு முடிப்பதா என்று அப்போது தீர்மானிப்பார்கள். மாலை ஐந்து மணிக்கு லாரி வந்து ரேடாரை வேறு மாநிலத்துக்கு ஏற்றிப் போய்விடும். அளவு தப்பென்றால் தப்புதான், இன்னொரு தடவை கிடையாது.

ஆனால் என் பயம் அது மட்டும் இல்லை. இந்த ரேடாரில் ஒரு விதி உண்டு: அறுபத்து நான்கு ஆன்டெனாவுக்கும் அலை ஒரே கணத்தில் போய்ச் சேர வேண்டும். அப்போதுதான் அலைகள் ஒன்றாகச் சேர்ந்த கற்றை நேர் மேலே போகும். அதற்காக எல்லாக் கேபிளும் ஒரே நீளம், அறுபது மீட்டர். "சரிபார்த்தேன், எல்லாம் சம நீளம்" என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டவள் நான். வயலுக்குப் போகாமல், கேபிள் இணைக்கப் போன ஒப்பந்த ஆட்கள் போனில் அனுப்பிய ஒரு புகைப்படத்தைப் பார்த்துப் போட்டேன். மூன்றாவது நாளே ஷமீமா எழுதிக் கேட்டாள்: "கேபிளை ஒருமுறை பார்க்கலாமா மேடம்?" நான் பதில் எழுதினேன்: "செக் செய்து கையெழுத்துப் போட்டாச்சு. உன் புரோகிராமைப் பார்." மணப்பாறை, வையம்பட்டி, வடமதுரை என்று ஊர்கள் வந்து போயின. நான் அந்த ஒரு வரியையே போனில் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

காலை 7.50. திண்டுக்கல் பேருந்து நிலையம். டீ பதினைந்து ரூபாய், வாயில் வைக்க முடியாத சூடு. சின்னாளபட்டி டவுன் பஸ் முகப்பில் ரோஸ் வண்ணம் பூசியிருந்தது, பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நடத்துநர் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் வைத்துவிட்டுப் போனார். பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் என்னையே பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்கா தாயி போற?"

"இல்லம்மா. வேலையா."

"மூஞ்சி அப்புடி இருக்கேன்னு கேட்டேன்," என்று சொல்லிவிட்டுக் கூடைக்குள் கையைவிட்டு ஒரு முழம் மல்லிகையை என் பையின் மேல் வைத்தார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை.

காலை 8.55. சின்னாளபட்டியில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். நாலு கிலோமீட்டர், நூற்றைம்பது ரூபாய். இடத்தைச் சொன்னதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

"அந்த ஆன்டெனாத் தோட்டமா? ஏம் மேடம், இந்த ஆடியில ஒரு பொட்டு மழ இல்ல. அந்தக் கம்பிக மேகத்தக் கலைக்குதுன்னு ஊருக்குள்ள பேசிக்கிறாக."

"ஊருக்குள்ள சொல்லுங்க, அது கலைக்கவும் கலைக்காது, சேர்க்கவும் சேர்க்காது. பார்க்கும், அம்புட்டுதான்."

"சும்மா பாக்குறதுக்கா இம்புட்டுக் கம்பி?" என்றார். நியாயமான கேள்விதான். 

காலை 9.15. வயலுக்குள் இறங்கியதும் ஆடிக்காற்று முகத்தில் அறைந்தது. மேற்கே இருந்து அடிக்கும் காற்று, வாய் திறந்தால் மண். கிழக்கே சிறுமலை மங்கலாக நின்றது. நடுவில் ஆன்டெனாக்கள், வயலின் தென்மேற்கு மூலையில் தகரக் கூரை போட்ட சிறு அறை. அறை வாசலில் ஷமீமா நின்றிருந்தாள். துப்பட்டா பறக்காமல் இருக்க நாலு இடத்தில் ஊக்கு குத்தியிருந்தாள். கண் சிவந்திருந்தது. அவள் பக்கத்தில் தலைப்பாகையோடு ஒருவர், நில உரிமையாளர் பொன்னுச்சாமி. ஐம்பத்தைந்து வயது இருக்கும். சுற்று வட்டாரத்தில் சொட்டு நீர்க் குழாய் பதிக்க வேண்டுமென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்களாம். எங்கள் கேபிள்களுக்குக் குழி வெட்டிப் பதித்ததும் அவர்தான்.

"வாங்க மேடம். புள்ள ராத்திரி பூராம் தூங்கலயாம். வந்தவுக கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு அப்புறம் வையிங்க," என்றார்.

தண்ணீர் குடித்தேன். அப்புறம் வைதேன்.

முதலில் கேபிளைத்தான் சோதித்திருக்க வேண்டும். கருவி பையிலேயே இருந்தது. எடுக்கவில்லை. வேறெங்காவது தப்பு கிடைத்துவிடாதா என்று மனசு அடித்துக்கொண்டது. அலை அனுப்பும் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன், சரியாக இருந்தன. அவற்றை ஒரே தாளத்தில் ஓட்டும் கடிகாரத் துடிப்பைப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஷமீமாவின் புரோகிராமை வரி வரியாகப் பார்த்தேன். அதில் ஒரு தப்பாவது கிடைக்க வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டே பார்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. ஒன்றரை மணி நேரம் போயிற்று. ஒரு தப்பும் இல்லை.

"இங்க கூட்டல் கழித்தல் மாத்திப் போட்டிருப்பே," என்றேன்.

"இல்ல மேடம்."

"திரும்பப் பாரு."

"ஏழு தடவ பாத்துட்டேன் மேடம்." அவள் குரல் உடைந்தது. ஆனால் கண்ணைத் தாழ்த்தவில்லை. "மூணாவது நாளே உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன்."

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.  காற்றில் தகரம் படபடத்தது. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

பகல் 11.20. வயலை ஒட்டிப் பொன்னுச்சாமியின் பாகற்காய்ப் பந்தல் இருந்தது. அரை ஏக்கர் இருக்கும். அவர் மனைவி பாண்டியம்மாள் சோறு கொண்டுவந்து அந்த நிழலில் இறக்கினார். "செத்த நேரம் உக்காந்து சாப்புடுங்க தாயி. வெஞ்சனத்துக்குப் பாவக்கா வறுத்திருக்கேன்," என்றார். வேண்டாம் என்று சொல்லவும் தெம்பில்லை. உட்கார்ந்தேன். தலைக்கு மேலே ஒரு காய் ஆடி ஆடி நெற்றியில் இடித்தது. தள்ளிவிட நிமிர்ந்தேன்.

பந்தலின் குறுக்கே கொடி படர்வதற்குக் கயிறு கட்டுவார்கள், இல்லாவிட்டால் கம்பி. இங்கே கட்டியிருந்தது கறுப்பாக, சுண்டுவிரல் பருமனில் இருந்தது. அதன் மேல் வெள்ளை எழுத்து. படித்தேன். எங்கள் மையத்தில் நானே தேர்ந்தெடுத்து வாங்கிய கேபிள். பந்தலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அதுதான்.

"இது என்னங்க?"

"அதுவா மேடம்? உங்க வயருதேன்," என்றார் பொன்னுச்சாமி சோற்றைப் பிசைந்துகொண்டே. "எல்லாத்தையும் அம்புட்டு நீளம் விட்டு அனுப்பியிருந்தாக. பக்கத்துல நிக்கிற கம்பத்துக்கும் அறுவது மீட்டரு, கடைசிக் கம்பத்துக்கும் அறுவது மீட்டரு. கிறுக்குத்தனமா இல்ல? மிச்சத்தச் சுருட்டிப் போட்டா எலி கடிக்கும், மம்பட்டி பட்டு அறுந்து போகும். அதேன் அது அதுக்கு அளவா நறுக்கிட்டேன். மறுநா முன சொருக வந்த ஆளுககிட்ட மிச்சத்த என்ன செய்யன்னு கேட்டேன். வச்சுக்கங்கன்னாக."

"எல்லாத்தையுமா நறுக்கினீங்க?"

"ஒண்ணு விடாம," என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

 புகைப்படம் நினைவுக்கு வந்தது. மண் மூடிய குழிகள் கோடு போட்டமாதிரி, கம்பத்தடியில் ஒரு குப்பை இல்லாமல், துடைத்து வைத்தாற்போல் இருந்த வயல். முதல் கம்பத்தின் அடியில் ஐம்பது மீட்டருக்கு மேல் கேபிள் சுருண்டு கிடந்திருக்க வேண்டும். ஒரு சுருளும் இல்லை. அதைப் பார்த்துவிட்டு நான் படிவத்தில் "நேர்த்தியான வேலை" என்று வேறு எழுதியிருந்தேன். ஒப்பந்தத்துக்கு வந்த ஆட்கள் கண்ட முனையில் இணைப்பைச் சொருகிவிட்டு மதிய பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார்கள். கேள்வி கேட்க வேண்டிய ஒரே ஆள் நான்.

என் முகத்தைப் பார்த்துப் பொன்னுச்சாமியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "தப்பாப் போச்சா மேடம்?" என்றார். பாண்டியம்மாள், "இந்த மனுசனுக்கு எதையும் சும்மா விடத் தெரியாது. போலீசு கேசு ஏதும் ஆகுமா தாயி?" என்றார். 

"கேஸெல்லாம் இல்லம்மா. அண்ணே, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கண்ணளவுல நறுக்கினீங்களா, டேப் வச்சா?"

அவர் முகம் சட்டென்று மாறியது. கோபம் வந்துவிட்டது. "கண்ணளவா? நாப்பது ஏக்கருக்குச் சொட்டு நீர் போட்டவன் மேடம் நான். கண்ணளவுல போட்டா கடைசிச் செடி காஞ்சில்ல போகும்? டேப்பு வச்சு, கம்பத்துக்கு வந்தப்புறம் ஒரு முழம் விட்டு நறுக்கினேன். எல்லாத்துக்கும் அதே ஒரு முழம்."

எழுந்து ஓடினேன். கை கூடக் கழுவவில்லை. கேபிள்கள் தாறுமாறாக நறுக்கப்பட்டிருந்தால் கற்றை நாலா பக்கமும் சிதறியிருக்கும். மூன்று வார அளவும் குப்பை. ஆனால் ஒவ்வொரு கம்பத்துக்கும் ஒரே சீராக நீளம் ஏறிக்கொண்டே போயிருந்தால் கற்றை சிதறாது, சாயும். எவ்வளவு சாய்ந்தது, எந்தப் பக்கம் என்று தெரிந்தால் கணக்கைத் திருத்திவிடலாம். ஷமீமாவிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். அவள் பந்தலைத் திரும்பிப் பார்த்தாள், வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

பகல் 11.50. மூன்று மணிக்கு இன்னும் மூன்று மணி நேரம் பத்து நிமிடம். அறுபத்து நான்கு கேபிளையும் அளக்க வேண்டும். தோண்டி எடுக்க நேரமில்லை, தேவையும் இல்லை. கேபிளின் ஒரு முனையில் கருவியை மாட்டி ஒரு துடிப்பை அனுப்பினால் அது மறுமுனையில் மோதித் திரும்பி வரும். வந்த நேரத்தை நீளமாக மாற்றிக் கருவியே காட்டிவிடும். வானத்தில் செய்வதைத்தான் வயருக்குள் செய்கிறோம். மறுமுனை ஆன்டெனாவில் மாட்டாமல் தனியே இருக்க வேண்டும். அதனால் நான் அறையில், பொன்னுச்சாமி ஏணியோடு வயலில், ஷமீமா நடுவில் நோட்டோடு.

"மொத வரிச, ஒண்ணு! கழட்டிட்டேன்!" என்று அவர் கத்தினார்.

ஐந்து மீட்டர் நாற்பது.

"மொத வரிச, ரெண்டு!"

ஒன்பது மீட்டர் நாற்பது. ஆன்டெனாக்களுக்கு இடையே சரியாக நாலு மீட்டர்.  மூன்றாவது, பதிமூன்று நாற்பது. நான்காவது, பதினேழு நாற்பத்திரண்டு. முதல் வரிசை முடியும்போது நான் கருவியின் திரையைப் பார்த்து "பொன்னுச்சாமி, பொன்னுச்சாமி" என்று எனக்குள்ளேயே முனகிக்கொண்டிருந்தேன் என்று ஷமீமா பிறகு சொன்னாள். இரண்டாவது வரிசை ஒன்பது நாற்பதில் தொடங்கியது. மூன்றாவது பதிமூன்று நாற்பதில்.

நாலாவது வரிசை, ஐந்தாவது ஆன்டெனா. முப்பத்து மூன்று நாற்பது வந்திருக்க வேண்டும். முப்பத்து நான்கு தொண்ணூறு வந்தது. ஒன்றரை மீட்டர் அதிகம். திரும்ப அளந்தேன், அதேதான்.  இனி வருவதெல்லாம் இப்படித்தான் என்றால் எல்லாம் போச்சு.

"அண்ணே! இது ஏன் கூட இருக்கு?" என்று காற்றை மீறிக் கத்தினேன்.

"அங்கன பாம்புப் புத்து மேடம்! இடிக்கக் கூடாதுல்ல, சுத்திக்கிட்டுப் போனேன்!"

"வேற எங்கயாவது சுத்தினீங்களா?"

"ஒரு புத்துதேன் இருந்துச்சு!"

 அவர் சொன்னபடியே மற்றவை எல்லாம் வரிசைக்கு வந்தன. வெயில் தகரத்தை வாட்டியது. ஏணியில் அறுபத்து நாலு தடவை ஏறி இறங்கிய மனிதர் தலைப்பாகையைக் கழற்றி ஒரு தடவை பிழிந்துவிட்டு மறுபடி கட்டிக்கொண்டார். பாண்டியம்மாள் மோர் கொண்டுவந்து ஆளுக்கு ஒரு சொம்பு கொடுத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போனார். கடைசி எண் அறுபத்தொன்று நாற்பது வந்திருக்க வேண்டியது, அறுபதுதான் வந்தது. அதற்கு மட்டும் கேபிளே போதாமல் கம்பத்தடியில் இழுத்துக் கட்டியிருந்தார். மணி 2.05.

ஷமீமாவின் விரல் விசைகளில் பறந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தேன். 2.32க்கு அவள் கையை எடுத்தாள்.

"எட்டு டிகிரி மேடம். வடகிழக்குப் பக்கம்."

அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. இந்தச் சமவெளியில் ஆடிக்காற்று தரையில் மேற்கிலிருந்து அடிக்கும். ஆனால் பதினோரு கிலோமீட்டர் மேலே, இதே மாதத்தில், கிழக்கிலிருந்து பலமாக வீசும். நேர் மேலே பார்க்க வேண்டிய கற்றை வடகிழக்கே சாய்ந்து அந்தக் கிழக்குக் காற்றை எதிர்கொண்டிருக்கிறது. எதிரே வந்த காற்றைக் கீழே இறங்கும் காற்று என்று ரேடார் நம்பிவிட்டது. சாய்வைக் கழித்துப் போட்டதும் இரண்டரை மீட்டர் இறக்கம் கரைந்து, ஏறக்குறைய பூஜ்யத்தில் வந்து நின்றது. பிற்பகல்தோறும் பதினோரு கிலோமீட்டரில் தோன்றிய மெல்லிய கலங்கல் அடுக்கு மட்டும் கலையவில்லை. அது உண்மை. அது அவள் கண்டுபிடித்தது.

கட்டிப்பிடித்துக் கத்தினோம். பொன்னுச்சாமி வாசலில் நின்று எங்களையே பார்த்தார். "சரியாப் போச்சா?" என்றார். "உங்க டேப்புதான் அண்ணே காப்பாத்துச்சு," என்றேன். அவர் நறுக்கியதால் கெட்டது, அவர் அவ்வளவு சுத்தமாக நறுக்கியதால்தான் பிழைத்தது.

மூன்று மணிக்கு இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது. குழுவுக்குக் காட்டும் பக்கங்களில் "பிழைக்குக் காரணம்" என்று ஓர் இடம் காலியாக இருந்தது. நான் மடிக்கணினியை இழுத்து ஆங்கிலத்தில் அடித்தேன்: உள்ளூர்த் தொழிலாளி ஒருவர் அனுமதியின்றிக் கேபிள்களை வெட்டியது. பொய் என்று யாரும் சொல்ல முடியாத வாக்கியம். ஷமீமா அதைப் படித்தாள். வாசலில் நின்ற பொன்னுச்சாமியைப் பார்த்தாள்.

"அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது மேடம்," என்றாள் மெதுவாக.

எனக்கு முகம் சுட்டது. அந்த வரியை அழித்து "கேபிள் நீள வேறுபாடு" என்று மட்டும் போட்டேன். அவர் பேரைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். என் பேரையும் அதே வரி காப்பாற்றியது என்பதை நான் கவனிக்காமல் இல்லை.

மதியம் 3.00. திரையில் மூன்று முகங்கள். ஷமீமா பேசினாள். இருபது நிமிடம் தடுமாறாமல் சொன்னாள். கலங்கல் அடுக்கின் படத்தைக் காட்டியபோது ஒருவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார். முடிந்ததும் குழுத் தலைவர் தொண்டையைச் செருமினார்.

"திருத்தம் நல்லா இருக்கு. ஆனா மூணு வாரம் தப்பா ஓடியிருக்கு. கேபிளைப் பார்க்கணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையா? ஓர் ஆராய்ச்சியாளருக்கு இது அடிப்படை."

ஷமீமா என் பக்கம் திரும்பவில்லை.  "தோணல சார். என் கவனக்குறைவு," என்றாள்.

இன்னொருவர் குனிந்து எதையோ எழுதிக்கொண்டார்.  நான் வாயைத் திறக்காவிட்டால் இதோடு முடிந்துவிடும். அவளுக்கு நீட்டித்தாலும் நீட்டிப்பார்கள். நான் திருச்சிக்குப் போய் நாளைக்கு வழக்கம்போல் வேலைக்குப் போகலாம். பயந்தேன். வேண்டாம் வேண்டாம் என்று பயந்துகொண்டேதான் மடிக்கணினியை என் பக்கம் இழுத்தேன்.

"சார், அவளுக்குத் தோணுச்சு. மூணாவது நாளே எனக்கு எழுதிக் கேட்டா. நான் என்ன பதில் போட்டேன்னு படிக்கிறேன்," என்று போனை எடுத்து இரண்டு வரியையும் படித்தேன்.

தலைவர் முன்னால் இருந்த கோப்பைப் புரட்டினார். "படிவத்துல சரிபார்த்ததா உங்க கையெழுத்து இருக்கே?"

"நேர்ல வராமப் போட்டேன் சார். போட்டோவைப் பார்த்து."

"இதைக் குறிப்புல ஏத்தலாமா?"

"ஏத்துங்க சார்."

எங்களை வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். இருபது நிமிடம் பந்தல் ஓரமாக நின்றோம். "நான் சமாளிச்சிருப்பேன் மேடம். எதுக்குச் சொன்னீங்க?" என்றாள் ஷமீமா. கோபமாகத்தான் கேட்டாள்.

"நீ சமாளிச்சிருவேன்னு தெரியும். அதான் சொன்னேன்."

திரும்பக் கூப்பிட்டார்கள். அவளுக்கு ஒரு வருடம் நீட்டிப்பு. எனக்கு வேறு. நான் சரிபார்த்துக் கையெழுத்திட்ட ஒன்பது ஊர் ரேடார்களின் கோப்புகளும் மறுபடி பரிசீலிக்கப்படும். அதுவரை எந்தப் படிவத்திலும் நான் கையெழுத்துப் போடக் கூடாது. சரி சார் என்றேன். ஷமீமா தன் அப்பாவுக்குப் போன் போட்டு, "அத்தா, கொடுத்துட்டாங்க அத்தா," என்று சொல்லிக்கொண்டே வரப்பில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

மாலை 5.10. லாரி வந்தது. பொன்னுச்சாமியே முன்னே நின்று ஆன்டெனாக்களை ஒவ்வொன்றாக வைக்கோல் சுற்றி ஏற்றிக் கொடுத்தார். வயல் வெறுமையானதும் நாளையே உழவு ஓட்டப் போவதாகச் சொன்னார். பிறகு என்னைத் தன் மொபெட்டில் ஏற்றிச் சின்னாளபட்டி நிறுத்தம்வரை கொண்டுவந்து விட்டார்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார்: "மேடம், அங்கன என் பேரச் சொன்னீகளா?"

"இல்லண்ணே."

"அப்ப யாரு தப்புன்னு சொன்னீக?"

"என் தப்புன்னு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் அவரைக் காப்பாற்றப் பொய் சொல்லிவிட்டேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. கண் கலங்கிவிட்டது. "நீங்க இங்கிட்டு வரவே இல்லையே மேடம். வராத ஆளு எப்புடித் தப்பு செய்ய முடியும்?" என்றார்.

பஸ் வந்துவிட்டது. நடத்துநர் விசில் கொடுத்ததும் ஏறினேன். அவர் கீழே நின்று கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார், எனக்குத் திருப்பிக் கும்பிடக் கை வரவில்லை. திண்டுக்கல்லில் திருச்சி வண்டி மாறி உட்கார்ந்த பிறகு, அந்த ஒன்பது ஊர்களையும் விரல் விட்டு எண்ணினேன். ஒவ்வொரு வயலின் படமும் மனதில் அத்தனை தெளிவாக இருந்தது. அவற்றில் ஐந்து ஊர்களுக்கு நான் போனதே இல்லை.